நோட்டீஸ் வந்தால் ஆடிட்டர் என்ன செய்வார்?

வருமான வரி நோட்டீஸ் வந்துவிட்டால், "ஆடிட்டர் போய் ஆபீசரைப் பார்த்துப் பேசி முடித்துவிடுவார்" என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். இன்று பெரும்பாலான ஸ்குருட்டினி, அதாவது ரிட்டர்னை விரிவாக ஆராய்வது, முகமறியா முறையில்தான் நடக்கிறது. நீங்கள் தஞ்சாவூரில் இருப்பீர்கள், உங்கள் கணக்கைப் பார்க்கும் அதிகாரி வேறொரு மாநிலத்தில் இருப்பார். அவர் யார் என்பது ஆடிட்டருக்கே தெரியாது. போய்ப் பார்க்க ஆளில்லை. வருமான வரித் துறையின் போர்ட்டலில் ஏற்றும் தாள்கள்தான் பேச வேண்டும்.

நோட்டீஸ் கைக்கு வந்ததும் அதிலுள்ள ஆவண எண்ணை ஆடிட்டர் போர்ட்டலில் சரிபார்ப்பார். 2019 அக்டோபர் 1 முதல் துறையின் கடிதங்களுக்கு இந்த எண் உண்டு. அடுத்து, எந்தப் பிரிவு என்று பார்ப்பார். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 143(1) என்றால் பெங்களூரு மையத்தின் கணினி கண்ட கணக்கு வித்தியாசம். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. 143(2) என்றால் ஸ்குருட்டினி.

பதில் எழுதுவதில்தான் அவருடைய திறமை இருக்கிறது. கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருந்த மனையை 60 லட்சத்துக்கு விற்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். துறையின் பதிவில் முழுத் தொகையும் கணவர் பானில் ஏறியிருக்கிறது. "மனையில் பாதி மனைவிக்குச் சொந்தம்" என்று ஒரு வரி எழுதினால் போதாது. பத்திர நகல், இருவர் கணக்கிலும் முப்பது முப்பது லட்சம் வரவான பாஸ்புக் பக்கம், மனைவியின் ரிட்டர்ன் என மூன்றையும் எண்ணிட்டு இணைத்து, எந்தப் பக்கத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்றும் எழுத வேண்டும். உங்களை ஒருநாளும் பார்த்திராத ஒருவருக்கு ஒரே வாசிப்பில் விளங்க வேண்டும்.

அதனால் ஆடிட்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். கடைசி நாள் மாலையில் பையோடு போய் நிற்பதும் தப்பு. அவசரத்தில் எழுதிய பதில்தான் கோப்பில் நிற்கும். பதில் ஏற்கப்படாமல் வரியைக் கூட்டப்போவதாக விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால், வீடியோ வழியாகப் பேச வாய்ப்புக் கேட்கலாம். பிறகும் ஆணை பாதகமாக வந்தால், அது கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இன்றே ஒன்று செய்யுங்கள். போர்ட்டலில் உங்கள் பெயருக்கு எதிரே இருக்கும் மின்னஞ்சல் யாருடையது என்று பாருங்கள். பழைய ஆடிட்டருடையது என்றால், நோட்டீஸ் அங்கே போய்க் கிடக்கும்.