மாலைப் பள்ளிப் பிள்ளைகளும் மேகநோயும்

தோட்டத்தில் பிறந்து, படிப்பைப் பாதியில் விட்டு, இன்று ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூரில் பகலில் வேலையும் மாலையில் வகுப்புமாக இருக்கிற பிள்ளைகள் நம்மவர் வீடுகளில் உண்டு. சம்பளம், ஓவர்டைம், விபத்துப் பணம் எல்லாம் பேசுகிறோம். இவர்கள் உடம்பைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. "சீ, அதெல்லாம் பேசுற பேச்சா?" என்று தாய்மார்கள் முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்கள்.

வகுப்பு முடிய இரவு ஒன்பது, பத்து ஆகிவிடும். கையில் சம்பளக் காசு. கேட்க ஆளில்லை. தேக்கா பக்கம் வந்தால் சிராங்கூன் ரோட்டில் கோயிலும் உண்டு, சற்றுத் தள்ளி டெஸ்கர் ரோட்டுச் சந்தும் உண்டு. "நீ ஆம்பளையாடா?" என்று கூட்டாளி கேட்கிற ஒரு கேள்வி போதும். மற்றதை பீர் பார்த்துக்கொள்ளும். 2013 டிசம்பர் 8 தேக்கா கலவரத்துக்குப் பின், 2015 முதல் இரவு 10.30-க்கு மேல் பொது இடத்தில் குடிக்கத் தடை. அதனால் குடி நின்று விட்டதா? அறைக்குள் போயிற்று, அவ்வளவுதான். போதையில் ஆணுறை யாருக்கு ஞாபகம் வரும்?

கெட்ட இடத்துக்குப் போனால்தான் நோய் வரும் என்பது தப்புக் கணக்கு. காதலிக்கிற பையனிடம் ஆணுறை கேட்டால், "என்னை நம்பலையா?" என்கிறான், பெண் பிள்ளை வாயடைத்துப் போகிறது. கிளமிடியா, வெட்டை இரண்டும் பெண்ணுக்குப் பெரும்பாலும் அடையாளமே காட்டாது. வருஷம் கழித்துப் பிள்ளை உண்டாகாமல் போகும்போதுதான் தெரியும். கிரந்திப் புண் தானாக ஆறிவிடும், நோய் ஆறாது. பெனிசிலின் ஊசி போட்டால் தீரும். அதை விட்டு லேகியக்காரனிடம் காசைக் கொட்டுவானேன்?

எச்.ஐ.வி. சிங்கப்பூரில் 1985-லும், மறு வருஷம் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் முயற்சியிலும் கண்டுபிடிக்கப்பட்டது. அன்று அது சாவு ஓலை. இன்று தினம் மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்தவர் உடலுறவில் பிறருக்கு அதைத் தொற்றவைப்பதில்லை. இருந்தும் சிங்கப்பூர் வேலை பெர்மிட்டுக்கான மருத்துவச் சோதனையில் எச்.ஐ.வி. தெரிந்தால் பெர்மிட் கிடையாது. மருந்து சாப்பிடுகிறவன் மற்றவனைப் போலவே மூட்டை தூக்குவான். இவனுக்கு மட்டும் ஏன் வாசல் அடைப்பு? தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. அந்தப் பயத்தில்தான் பையன்கள் சோதனைக்கே போகாமல் ஒளிகிறார்கள்.

அவர்களுக்கு ஒரு வழி உண்டு. பேர், பாஸ்போர்ட் எதுவும் கேட்காமல் எச்.ஐ.வி. சோதனை செய்யும் இடங்கள் சிங்கப்பூரில் இருக்கின்றன. ஜாலான் புசார் பக்கம் கெலாந்தான் லேனில் உள்ள டி.எஸ்.சி. கிளினிக் பாலியல் நோய்களுக்கென்றே பல காலமாகப் பேர் பெற்றது. தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். இந்தப் பக்கம் மலேசியாவில் அரசாங்க கிளினிக்கிலேயே சோதிக்கலாம். தப்பு நடந்து 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போனால் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் மாத்திரை உண்டு, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. சோதனையில் உடனே ஒன்றும் தெரியவில்லை என்றால் நம்பிவிடக் கூடாது. மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை போக வேண்டும். கூட இருந்தவரையும் அழைத்துப் போவது முறை.