மக்கள்தொகை ஆய்வும் அலுவலகத் துணையும்

பெங்களூரின் பழைய கன்டோன்மெண்ட் வட்டாரத்தைச் சேர்ந்தது ரிச்சர்ட்ஸ் டவுன். தமிழும் கன்னடமும் உருதும் ஆங்கிலமும் அருகருகே வழங்கும் வட்டாரம் அது. இத்தகைய இடத்தில் குடும்ப நல ஆய்வு நடத்த வினாப்படிவம் வகுக்கும் அறிஞர் மட்டும் போதாது. குழந்தையின் பிறப்பு, தடுப்பூசி ஆகியவை பற்றித் தாயிடம் அவளது மொழியிலேயே கேட்டறியும் பெண் களப்பணியாளர்கள் வேண்டும். அவர்களுக்கு நியமன ஆணை, பயிற்சி, பயணப்படி, அச்சிட்ட படிவம் ஆகியவை வேண்டும். இவை யாவும் அலுவலகத்தின் பொறுப்பு. படி தாமதமானால் பயிற்சி பெற்றவர் வேறு வேலை தேடிப் போய்விடுகிறார். இடையில் சேரும் புதியவர் குறித்து வரும் பிழை, அச்சான அட்டவணையில் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை.

இந்நகருக்கு மக்கள்தொகை ஆய்வு புதிதன்று. இந்திய அரசும் ஐக்கிய நாடுகள் சபையும் இணைந்து 1951-52ல் நடத்திய மைசூர் மக்கள்தொகை ஆய்வில் பெங்களூர் நகரமும் இடம்பெற்றது. அத்தகைய பணி ஒரு முறையோடு நின்றுவிடாமல் தொடர நிலையான அமைப்பு தேவை. மத்திய சுகாதார, குடும்ப நல அமைச்சகத்தின் மக்கள்தொகை ஆய்வு மையத் திட்டம் 1958ல் டில்லி பொருளாதார வளர்ச்சி நிறுவனத்திலும் கேரளப் பல்கலைக்கழகத்திலும் தொடங்கியது. 1999ல் சாகர் பல்கலைக்கழகம் சேர்ந்ததும் மையங்கள் 18 ஆயின. அவற்றுள் 12 பல்கலைக்கழகங்களையும் 6 ஆய்வு நிறுவனங்களையும் சார்ந்தவை. பெங்களூர் மையம் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தில் அமைந்தது. தமிழ்நாட்டு மையம் காந்திகிராமத்தில் அமைந்தது.

இத்திட்டத்தின் அமைப்பே கவனத்துக்குரியது. ஊதியம், நூல்கள், பயணம், தரவுச் செயலாக்கம் முதலியவற்றுக்கான நிதி முழுவதும் மத்திய மானியம். நிர்வாகக் கட்டுப்பாடோ மையத்தை ஏற்ற பல்கலைக்கழகத்தினுடையது அல்லது நிறுவனத்தினுடையது. பணம் ஓரிடம், ஆணை வேறிடம். இதனால் ஆய்வாளருக்குக் கல்விச் சுதந்திரம் கிடைக்கிறது. அமைச்சகத்தின் கிளை அலுவலகமாக மையம் சுருங்கிவிடுவதில்லை. ஆயினும் ஒரு பணியிடம் காலியானால் நிதி தருபவரையும் நியமிப்பவரையும் கோப்பு சுற்றிவர நேரிடும். முன் ஆண்டின் பயன்பாட்டுச் சான்றிதழும் தணிக்கை அறிக்கையும் உரிய காலத்தில் போய்ச் சேராவிடில் அடுத்த மானியம் தடைப்படும். நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது. பணம் பிந்தி வந்தாலும் மார்ச்சு பிந்துவதில்லை.

இதன் விளைவு மையத்தின் நான்கு சுவர்களுக்குள் நிற்பதன்று. 1992-93ல் முதல் தேசியக் குடும்ப நல ஆய்வு நடந்தபோது கர்நாடகத்தில் பெங்களூர் மையம் அதில் பங்குகொண்டது. குழந்தை இறப்பு, கருத்தடை முறைகளின் பயன்பாடு ஆகியவை பற்றி மாநில அளவில் ஒப்பிடத்தக்க விவரங்கள் அவ்வாய்விலிருந்து கிடைத்தன.

ஆகவே பதிவாளரும் நிதி அலுவலரும் மையத்தை வெளியார் பணத்தில் நடக்கும் தற்காலிகப் பிரிவாகக் கருதுவது பொருந்தாது. மானியம் வரும்வரை தாய் நிறுவனம் தன் நிதியிலிருந்து ஊதியத்துக்கும் படிக்கும் முன்பணம் தந்து பின்னர் ஈடுசெய்துகொள்ளலாம். மையத்தின் கணக்கை மற்றக் கணக்குகளுடன் கலவாது தனியே பராமரித்தால் சான்றிதழ் அனுப்புவதும் எளிதாகும். களப்பணி தொடங்குமுன், எந்தத் தெருவுக்கு எம்மொழி அறிந்தவர் செல்ல வேண்டும் என்ற பட்டியலை ஆய்வாளரும் அலுவலகக் கண்காணிப்பாளரும் ஒன்றாக அமர்ந்து தயாரிப்பது நலம்.