‘விசாரணை’ என்றால் அஞ்ச வேண்டுமா?

குட்மேய்ஸ் வாழ் தமிழ்ப் பெற்றோரிடையே ஒரு மனக்குறை உண்டு. பாடசாலையால் வரும் பிள்ளையின் கொப்பியில் மனனம் செய்யவேண்டிய குறிப்புகள் இல்லை. ஒரேயொரு வினா மட்டும் இருக்கிறது. உமது பகுதியில் இன்ன முடிவை எடுத்தவர் யார், அதற்குச் சான்று யாது என்று. இதுவும் ஒரு படிப்பா எனச் சலித்துக்கொள்கின்றனர்.

சலிப்புக்குக் காரணம் உண்டு. தாயகத்தில் வரலாறும் குடியியலும் பரீட்சைக்கு ஒப்புவிக்கும் பாடங்களாகவே எம்மிற் பலருக்கு வாய்த்தன. விசாரணை என்னும் சொல்லோ எமக்குச் சோதனைச் சாவடியையே நினைவூட்டுவது. அங்கு கேட்பவர் அதிகாரி. நாம் பதில் கூறுபவர் மட்டுமே.

இங்கோ நிலைமை வேறு. பேராசிரியர் பேர்ணாட் கிறிக் தலைமையிலான குழு 1998இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 2002 செப்டெம்பரில் இங்கிலாந்தின் இடைநிலைப் பாடசாலைகளுக்கான தேசிய பாடத்திட்டத்தில் குடியுரிமைக் கல்வி கட்டாய பாடமாயிற்று. வினா எழுப்புதல், சான்று தேடுதல், மறுதரப்பையும் கேட்டல், அதன் பின்னரே முடிவுக்கு வருதல்: நல்ல ஆசிரியர்கள் இப்பாடத்தை இவ்வாறுதான் நடத்துகின்றனர்.

உதாரணத்துக்குத் தொலைவு செல்லவேண்டியதில்லை. பார்லி லேனில் 1993இல் திறக்கப்பட்ட கிங் ஜோர்ஜ் வைத்தியசாலையை அறியாத தமிழ்க் குடும்பம் இப்பகுதியில் இல்லை. அதன் அவசர சிகிச்சைப் பிரிவையும் மகப்பேற்றுப் பிரிவையும் மூடும் திட்டத்துக்கு 2011இல் அன்றைய சுகாதார அமைச்சர் அன்ட்றூ லான்ஸ்லி ஒப்புதல் அளித்தார். நிபுணர்களை ஓரிடத்தில் ஒன்றுசேர்த்தால் சிகிச்சையின் தரம் உயரும். றொம்போட்டிலுள்ள குயின்ஸ் வைத்தியசாலையே அதற்கு ஏற்றது என்பது ஒரு தரப்பின் வாதம். அவ்வைத்தியசாலை ஏற்கெனவே நிரம்பி வழிகிறது, சனத்தொகையோ பெருகுகிறது என்பது குடியிருப்பாளரின் வாதம். இரண்டும் அலட்சியப்படுத்தக்கூடியவை அல்ல. 2013இல் அங்கு பிரசவங்கள் நிறுத்தப்பட்டன. எனினும் மக்கள் மனுக்களில் ஒப்பமிட்டனர். வினாக்களை விடாது எழுப்பினர். அவசர சிகிச்சைப் பிரிவு மூடப்படமாட்டாது என 2019இல் அறிவிக்கப்பட்டது.

பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைவிடச் சிறந்த பாடம் எது? எவ்வாதத்துக்குப் புள்ளிவிபரம் துணைநின்றது? நள்ளிரவில் றொம்போட்டுக்குச் செல்ல எவ்வளவு நேரமாகும்? காய்ச்சற் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாயின் அனுபவமும் ஒரு சான்றுதான். ஆங்கிலம் தெரியாத அம்மம்மாவிடமும் பிள்ளை அதனைக் கேட்டெழுதலாம்.

வீட்டில்தான் தடை எழுகிறது. “எங்களுக்கேன் வீண் வம்பு, விசா அலுவல் கெட்டுப்போகும்” என்று அடக்கிவிடுகிறோம். அச்சம் அனுபவத்தில் விளைந்தது, அதனைப் பழிப்பதற்கில்லை. ஆயினும் சட்டம் கூறுவதையும் அறிந்திருத்தல் வேண்டும். 2005 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ், உள்ளூராட்சி சபையிடமோ அரச வைத்தியசாலை நிர்வாகத்திடமோ எவரும் எழுத்துமூலம் தகவல் கோரலாம். கேட்பவரின் வயதையோ நாட்டுரிமையையோ அச்சட்டம் நிபந்தனையாக்கவில்லை. ஏன் கேட்கிறீர் என விளக்கவும் வேண்டியதில்லை. பொதுவாக இருபது வேலைநாட்களுக்குள் பதில் வரவேண்டும். மறுப்பதாயினும் காரணம் கூறியே மறுக்கவேண்டும்.

பிள்ளை அத்தகைய கடிதம் ஒன்றை எழுத முற்பட்டால் அருகில் அமர்ந்து வாசித்துப் பாருங்கள். உண்மைப் பெயரும் பதில் அனுப்புவதற்கு ஒரு முகவரியும் அதில் இருத்தல் வேண்டும். வீட்டு முகவரியை எழுதத் தயங்குவோர்க்கு மின்னஞ்சல் முகவரியே போதுமானது.