கோழிகளில் கால் தளர்ச்சி

கோழிகளில் கால் தளர்ச்சி என்பது கோழியின் ஒரு காலோ இரு கால்களுமோ வலுவிழந்து, நிற்கவும் நடக்கவும் இயலாமல் போகும் நிலையைக் குறிக்கும். இது தனியொரு நோயன்று. பல நோய்களுக்கும் ஊட்டக் குறைபாடுகளுக்கும் பொதுவான அறிகுறியாகும். காரணத்தைப் பொறுத்துச் சில நாட்களில் குணமடையும் கோழிகளும் உண்டு; மருந்தே இல்லாத நிலையும் உண்டு. எனவே செல்லமாக வளர்க்கப்படும் கோழி இவ்வாறு அமர்ந்துவிட்டால், காரணத்தைக் கண்டறிவதும் அதுவரை கோழியைக் காப்பதும் ஒருசேர நடைபெற வேண்டும்.

காரணங்கள்

ஊட்டக் குறைபாடு: உயிர்ச்சத்து பி2 குறைந்தால் குஞ்சுகளின் கால்விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு, அவை கணு மூட்டை ஊன்றி நடக்கும். உயிர்ச்சத்து பி1 (தயமின்) குறைந்தால் கால்கள் தளர்வதோடு, தலை பின்னோக்கி வளைந்து வானத்தைப் பார்ப்பது போன்ற தோற்றம் உண்டாகும். உயிர்ச்சத்து டி3 குறைந்தால் வளரும் குஞ்சுகளின் எலும்புகள் மென்மையடையும்.

கால்சியம் இழப்பு: ஒரு முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் உள்ளது. தீவனத்தில் போதிய அளவு கிடைக்காவிடின் பெட்டைக் கோழி அதனைத் தன் எலும்புகளிலிருந்து எடுத்துக்கொள்கிறது. தோல்முட்டை இடுவது இதன் முன்னறிகுறியாகும்.

மாரெக் நோய்: ஒரு வகைத் தீ நுண்மத்தால் (வைரசு) உண்டாவது. அங்கேரியக் கால்நடை மருத்துவர் யோசெப் மாரெக் 1907இல் இதனை விவரித்தார். ஒரு கால் முன்னும் மற்றொன்று பின்னுமாக நீட்டிக் கிடப்பது இதன் குறிப்பிடத்தக்க அடையாளம். இறகுத் தூசி வழியே பரவும் இந்நோய்க்கு மருந்தில்லை; குஞ்சு பொரித்தவுடன் இடப்படும் தடுப்பூசி மட்டுமே உள்ளது.

பிற காரணங்கள்: பாதத்தின் அடியில் சீழ்க்கட்டு, எலும்பு முறிவு, முட்டை உள்ளே சிக்கிக்கொள்ளுதல், இராணிக்கெட் நோய் (வெள்ளைக் கழிச்சல்), அழுகிய பொருட்களையோ அவற்றிலுள்ள புழுக்களையோ தின்பதால் ஏற்படும் நஞ்சு ஆகியவையும் காலைத் தளர்த்தும்.

கண்டறிதல்

முதலில் பாதத்தின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். வீக்கமும் நடுவில் கருநிறப் பொருக்கும் இருப்பின் அது சீழ்க்கட்டாகும். பின்னர் இரு கால்களையும் தடவி ஒப்பிட்டு முறிவு, வீக்கம், சூடு உள்ளனவா என அறியலாம். கோழி முக்கிக்கொண்டு வால் தாழ நின்றால் முட்டை சிக்கியிருக்கக்கூடும். இது உடனடி மருத்துவம் தேவைப்படும் நிலையாகும். அடைகாக்கும் கோழி நெடுநேரம் எழாமல் அமர்ந்திருப்பது இயல்பு, அது நோயன்று. பல கோழிகள் அடுத்தடுத்து இறந்தால் அவற்றைக் கையாளாமல் கால்நடை மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும்.

பராமரிப்பு

நடக்க இயலாத கோழி பெரும்பாலும் நோயால் மட்டுமன்றி, தண்ணீரும் தீவனமும் எட்டாததாலும், பிற கோழிகள் கொத்துவதாலும் இறக்கிறது. ஆகவே பின்வருவன முதன்மையானவை.

* கோழியைத் தனியாகப் பிரித்து, காற்றோட்டமுள்ள வெதுவெதுப்பான இடத்தில், தடித்த வைக்கோல் படுக்கையில் வைத்தல்.
* தண்ணீரையும் தீவனத்தையும் அமர்ந்தபடியே எட்டும் உயரத்தில் வைத்தல். தண்ணீரை வாய்க்குள் ஊற்றலாகாது. மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் பின்புறம் உள்ளதால் நீர் நுரையீரலுக்குள் செல்லக்கூடும். அலகின் நுனியை நீரில் தொடச்செய்தால் கோழி தானே குடிக்கும்.
* நாள்தோறும் பலமுறை படுத்திருக்கும் பக்கத்தை மாற்றுதல். இல்லையெனில் நெஞ்செலும்பின் மேல் புண் உண்டாகும்.
* எச்சம் ஒட்டிய இறகுகளை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துதல். ஈரமான இறகில் ஈக்கள் முட்டையிடும்.
* கால்களுக்குத் துளையிட்ட துணித் தூளியில், பாதம் தரையைத் தொடுமாறு சிறிது நேரம் நிறுத்துதல்.
* ஒவ்வொரு நாளும் எடை பார்த்துக் குறித்துவைத்தல்.

வெறும் அரிசியோ நொய்யோ மட்டும் தின்று வந்த கோழிக்கு முழுமையான கலப்புத் தீவனம், வேகவைத்த முட்டை, கீரை ஆகியவற்றோடு, மருத்துவரின் அறிவுரைப்படி உயிர்ச்சத்து பி கலவையும் கொடுக்கலாம். முட்டையிடும் கோழிக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைக்கலாம். முட்டையிடாத இளங்கோழிக்குக் கால்சியத்தை மிகுதியாகக் கொடுத்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும்.

தயமின் குறைபாடு பெரும்பாலும் விரைவில் சீராகும். சுருண்ட விரல்கள் நெடுநாள் கவனிக்கப்படாவிடின் நரம்புச் சேதம் நிலைத்துவிடும். உண்ணாமல் எடை தொடர்ந்து குறையும் கோழியை வலியின்றி விடுவிப்பது குறித்து மருத்துவரிடம் கேட்பதே முறையாகும்.

வரலாறு

1890ஆம் ஆண்டை ஒட்டி, பத்தாவியாவில் (இன்றைய சகார்த்தா) இடச்சு மருத்துவர் கிறித்தியான் ஐக்மான் வளர்த்த ஆய்வுக்கூடக் கோழிகளுக்குக் கால்கள் தளர்ந்தன. பின்னர் அவை தாமே குணமடைந்தன. இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு அவற்றுக்கு உணவாகியிருந்ததும், புதிய சமையற்காரர் அதனைத் தர மறுத்தபின் தீட்டாத அரிசி கொடுக்கப்பட்டதும் தெரியவந்தன. மாவுப் பொருளில் நஞ்சு உள்ளதென்றே ஐக்மான் கருதினார். தவிட்டிலுள்ள இன்றியமையாத பொருள் கிடைக்காமையே காரணம் என 1901இல் கெரிட் கிரைன்சு விளக்கினார். அப்பொருளான தயமின் 1926இல் பத்தாவியாவிலேயே படிகமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. மனிதரைத் தாக்கும் பெரிபெரி நோயின் காரணத்தை அறிய வழிவகுத்த இக்கண்டுபிடிப்புக்காக ஐக்மானுக்கு 1929ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு, பிரெடரிக் ஆப்கின்சுடன் பகிர்ந்தளிக்கப்பட்டது.