நாவின் இலக்கணமும் ஆங்கில உச்சரிப்பும்



புனே நகருக்குப் படிக்க வந்த முதல் மாதத்தில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை படித்தேன். 'ஒன்லி' என்னும் சொல்லை 'வொன்லி' என்று ஒலித்தபோது பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. அதன்பின் இரண்டு மாதங்கள் வகுப்பில் வாய் திறந்தேனில்லை. விடை தெரிந்த வினாவுக்கும் தலைகுனிந்தே இருந்தேன். நம் மாணவர் பலர் இவ்வாறு வாயடைத்துப் போகின்றனர். அவர்கள் அடிக்கடி எழுப்பும் ஐயங்கள் சிலவற்றுக்கு நான் அறிந்தவரை விளக்கம் கூறுகிறேன்.

'எம்.ஏ.' என்பது நம் வாயில் 'யெம்.யே.' ஆவது ஏன்?

பேச்சுத் தமிழில் சொல்லுக்கு முதலில் வரும் எ, ஏ ஆகியவற்றின்முன் யகரமும், ஒ, ஓ ஆகியவற்றின்முன் வகரமும் மெல்லத் தோன்றும். எட்டு 'யெட்டு' ஆகிறது. ஒன்பது 'வொம்பது' ஆகிறது. அந்தப் பழக்கத்தையே ஆங்கிலத்திற்கும் கொண்டு செல்கிறோம். என் 'வொன்லி' பிறந்த கதை இதுதான்.

'புக்', 'பேக்' என்பவை 'புக்கு', 'பேகு' என நீள்வது ஏன்?

வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடிவதில்லை. பாக்கு, நாடு என்பவற்றிற்போல ஓர் உகரம் துணைக்கு வரும். தொல்காப்பியர் வகுத்த குற்றியலுகரம் நம் நாவில் இன்றும் வாழ்கிறது என்பதற்கு இது சான்றன்றோ?

மேலங்கியும் வெள்ளாடும் நமக்கு ஒன்றாகவே 'கோட்' என வருவது ஏன்?

தமிழில் ககரம் ஓர் எழுத்தே; எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கேற்ப அதன் ஒலி மாறும். ஆங்கிலத்தில் இவை இரு வேறு ஒலிகள், பொருளையே மாற்றிவிடும். தொண்டையில் விரலை வைத்து 'பக்கம்', 'பங்கம்' என்று சொல்லிப் பாருங்கள். முன்னதில் நடுவே அதிர்வு நிற்கும், பின்னதில் நில்லாது. அந்த அதிர்வே வெள்ளாட்டுக்கு உரியது. மேலங்கிக்கு அதிர்வு இல்லை. ககரத்தை ஒட்டிச் சிறிது மூச்சு வெளிப்படும்.

மற்றவர்க்கு இத்தொல்லை இல்லையா?

உண்டு. என் அறைத் தோழர் மராத்தியர். எகரத்தில் குறில், நெடில் என்னும் வேறுபாடு அவர் மொழியில் இல்லை. ஆகவே பேனாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் வலியைக் குறிக்கும் சொல்லும் அவர் வாயில் ஒன்றாகின்றன. நமக்கோ எ, ஏ இரண்டும் உண்டு. ஆயினும் மராத்தியர் ஒன்று செய்திருக்கின்றனர். 'பேங்க்', 'டாக்டர்' ஆகிய சொற்களில் வரும் ஆங்கில உயிரொலிகள் தம் எழுத்தில் இல்லாமை கண்டு, பிறை வடிவக் குறியொன்றைச் சேர்த்துக்கொண்டனர். புனேயின் கடைப் பலகைகளில் அப்பிறையை நாள்தோறும் காணலாம். குறையை அறிந்தவர் வெட்கப்படவில்லை, வழி தேடினர்.

சொல்லாட்சியில் எவற்றைத் திருத்த வேண்டும்?

'ஐ ஆம் ஹியர் ஒன்லி' என்பதில் 'இங்கேதான்' ஒளிந்திருக்கிறது. மராத்தியரும் 'இதேச்' என்பதை நினைத்து அவ்வாறே கூறுவர். 'டிஸ்கஸ்' என்றாலே போதும், 'அபவுட்' வேண்டா. 'நேற்று இரவு' ஆங்கிலத்தில் 'லாஸ்ட் நைட்' ஆகும்.

எதை முதலில் கற்பது?

சொல்லழுத்தத்தை. ஐதராபாத்தில் 1958இல் தொடங்கிய மத்திய ஆங்கில நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்.கே. பன்சல், இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறர்க்கு எவ்வளவு விளங்குகிறது என்று ஆராய்ந்து 1969இல் நூல் வெளியிட்டார். விளங்காமைக்கு அவர் கண்ட முக்கியக் காரணங்களுள் ஒன்று, அழுத்தம் இடம் மாறுவது. 'ரெகார்ட்' பெயர்ச்சொல்லாயின் முதலசையில் அழுத்தம். வினையாயின் இரண்டாம் அசையில். அகராதியில் இதற்குக் குறி உண்டு. புதிய சொல்லைப் பொருளோடு கற்கும்போதே அக்குறியையும் பாருங்கள்.

பொருளைக் கெடுக்கும் பிழையை முதலில் களைவோம். நம் ஊரை மட்டும் காட்டும் ஒலி மெல்ல மாறட்டும், மாறாவிட்டாலும் கேடில்லை. அவசரத்தில் எனக்கு இன்றும் 'வொன்லி' வந்துவிடுகிறது. ஆனால் விடை தெரிந்தால் இப்போது கையை உயர்த்துகிறேன்.