பார்க்கர் 51: பேனாவுக்கு வயது என்ன?

பழைய பார்க்கர் 51 ஒன்று கையில் கிடைத்தால், மை நிரப்பும் முன் அதன் உடலைச் சாய்வான வெளிச்சத்தில் மெல்ல உருட்டிப் பாருங்கள். பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்ற மெல்லிய பொறிப்பை ஒட்டி ஓர் இலக்கம் தெரியும்; பக்கத்தில் சில புள்ளிகளும் இருக்கலாம். பேனா பிறந்த காலம் அங்கேதான் இருக்கிறது.

பார்க்கர் நிறுவனம் 1888-இல் அமெரிக்காவின் ஜேன்ஸ்வில் நகரில் தொடங்கியது. அதன் 51-ஆம் ஆண்டில் உருவானதால் இந்தப் பேனாவுக்கு அந்தப் பெயர். கடைகளுக்குப் பரவலாக வந்தது 1941-இல். பொறிப்பில் உள்ள இலக்கம் ஆண்டின் கடைசி எண். மூன்று புள்ளிகள் இருந்தால் முதல் காலாண்டு, இரண்டு என்றால் அடுத்தது. காலாண்டு முடிய முடிய அச்சிலிருந்து ஒரு புள்ளியை நீக்கிவிடுவார்கள். புள்ளியே இல்லையா? அக்டோபரிலோ அதற்குப் பிறகோ செய்தது. ஆண்டு முழுக்க ஒரே அச்சை வைத்து வேலையை முடித்த அந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஆனால் '1' என்று இருந்தால் 1941-ஆ, 1951-ஆ? இதற்குப் பதில் மை நிரப்பும் அமைப்பில் இருக்கிறது. அடிமூடியைத் திருகி எடுத்தால் சின்னத் தண்டு ஒன்று வெளியே தெரிகிறதா? அதை அழுத்தி விட, உள்ளே ரப்பர் சவ்வு அசைந்து மையை நேராகப் பேனாவின் உடலுக்குள் இழுக்கும். 'வேக்குமேட்டிக்' என்ற இந்த முறை 1948 வரை இருந்தது. அந்தத் தண்டு அலுமினியம் என்றால் இன்னும் பழையது. போர்க்காலத்தில், 1942 வாக்கில், அது பிளாஸ்டிக்காக மாறியது. உடலைக் கழற்றியதும் உலோகக் கூட்டுக்குள் அழுத்துபட்டையும் பிளாஸ்டிக் பையும் இருந்தால் அது 1948-இல் வந்த 'ஏரோமெட்ரிக்'.

1950-களின் தொடக்கத்தில் இந்த ஆண்டுக் குறியை அமெரிக்க ஆலை கைவிட்டது. அதன்பின் வந்தவற்றுக்கு வயதைத் தோராயமாகத்தான் சொல்ல முடியும். மூடியைச் சாட்சியாக எடுக்காதீர்கள். செருகி மூடும் மூடி என்பதால் ஒரு பேனாவினுடையது இன்னொன்றுக்கு எளிதில் போய்விடும். திருகி மூடுவதாக இருந்தால் அது 2021-இல் பழைய சாயலில் வந்த மறுபதிப்பு. நம் வீடுகளில் புழங்கிய சீனத்து ஹீரோ 616-உம் பார்க்கர் 51 போலவே நிப்பைக் கூட்டுக்குள் மறைத்துக்கொள்ளும். அவசரத்தில் ஏமாற வேண்டாம்.

நிப்பிலும் ஆண்டுக் குறி உண்டு. அதைப் பார்ப்பதற்காக, நிப்பை மறைக்கும் கூட்டை இழுத்துக் கழற்றாதீர்கள். ஒட்டியிருக்கும் பசையைப் பதமாகச் சூடுகாட்டி இளக்க வேண்டும், அது பேனா பழுதுபார்ப்பவரின் வேலை. உடலுக்குப் பாலிஷும் போட வேண்டாம். தேய்ந்து போன பொறிப்பைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.