ஈரத்துணியை நம்பலாமா?

திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த ஏற்றம்தான் பரீட்சை. ஒரு சித்திரை வெயிலில் அப்பாவின் பெட்ரோல் அம்பாசடர் பாதி மலையில் நின்றுவிட்டது. பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு அரைமணி நேரம் மரநிழலில் உட்கார்ந்தோம். அப்புறம் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆனது. 'வேப்பர் லாக்'தான் என்று முடிவு பண்ணி, ஊருக்கு வந்ததும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, பம்பையும் மாற்றினோம். அடுத்த முறை அதே மலையில் மறுபடி நின்றது.

எங்கே தப்பு பண்ணினோம்?

வேப்பர் லாக் என்பது குழாயிலோ பம்பிலோ பெட்ரோல் சூட்டில் ஆவியாகிவிடுவது. பம்ப் ஆவியை அழுத்திக்கொண்டிருக்கும், கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வராது. ஆறினால் சரியாகிவிடும்.

இக்னிஷனிலும் இதே கதை நடக்கும். சி.பி. பாயிண்ட் திறக்கும்போது காயிலில் கரண்ட் சட்டென்று அறுபட வேண்டும். அப்போதுதான் 12 வோல்ட், பல ஆயிரம் வோல்ட்டாகி பிளக்குக்குப் போகும். பாயிண்ட்டிலேயே பொறி பறந்து அது வீணாகாமல் தடுப்பது கன்டென்சர். பழைய கன்டென்சர் சூட்டில் கசிந்தால் ஸ்பார்க் செத்துவிடும். இதுவும் ஆறினால் சரியாகிவிடும்.

ஆக, அந்த அரைமணி நேரத்தில் பம்ப் மட்டுமா ஆறியது? காயிலும் கன்டென்சரும்தான் ஆறின. பெயர் மட்டும் ஈரத்துணிக்கு. ரீஸ்டார்ட் பண்ணினால் மறைந்துபோகும் பக் மாதிரிதான். வண்டி ஓடும், ஆனால் ஆதாரம் போய்விடும். அதனால் சூடு ஆறுவதற்குள் சோதிக்க வேண்டும்.

1. எப்படி நின்றது? சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று நின்றால் இக்னிஷன் மேல் சந்தேகம். இழுவை குறைந்து, திக்கித் திணறி நின்றால் பெட்ரோல். இது துப்பு மட்டுமே, தீர்ப்பு இல்லை.

2. ஸ்பார்க். டயருக்குக் கல் கொடுத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஒரு பிளக் வயரைக் கழற்றி ஸ்பேர் பிளக்கில் மாட்டி, அதன் உலோக உடல் இன்ஜினில் படும்படி, கார்புரேட்டருக்கும் பெட்ரோல் ஹோஸுக்கும் தள்ளி நிறுத்துங்கள். கையால் பிடிக்காதீர்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீல நிறத்தில் 'சட் சட்' என்று வந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வராவிட்டாலோ காயில், கன்டென்சர், பாயிண்ட் மூன்றையும் பாருங்கள்.

3. பெட்ரோல். ஸ்பார்க் நன்றாக இருந்தால், செல்ஃப் அடித்தபின் இன்ஜினிலிருந்து ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஈரத்துணிக்கு இப்போதுதான் வேலை. நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம். சூடான இன்ஜின் மேல் ஹோஸை மட்டும் கழற்றவே கூடாது.

இரண்டாம் முறை மலையிலேயே சோதித்தோம். ஸ்பார்க் மஞ்சள்! மாற்றியது கன்டென்சரை மட்டும்தான். அதற்கப்புறம் அந்த ஏற்றத்தில் வண்டி நிற்கவில்லை. கார்புரேட்டர் பாவம், அது செய்யாத தப்புக்கு அடிவாங்கியிருக்கிறது.

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. பாயிண்ட் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. வண்டியில் ஒரு கன்டென்சரும் ஸ்பேர் பிளக்கும் எப்போதும் இருக்கட்டும்.